ஏழரை

எண்பது வெள்ளிக்குச் சாமான் வாங்கினால்
மளிகைக்கடையில் குதிரைக் காலண்டர் இலவசம்.
பந்தய நாளில் குதிரை ஓடும்,
பொது விடுமுறை சிவப்பில் எரியும்,
மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதெல்லாம்
எறும்பெழுத்தில் கட்டத்தின் அடியில் கிடக்கும்.
அதைப் படிக்கத்தான்
போன மாதம் கண்ணாடியை மாற்றினேன்.

குணாளன், உனக்குக் கிளந்தானில்
எல்லைக் கல் நடுகிற உத்தியோகம்.
எனக்குப் பாயான் லெப்பாஸில்
அறுநூற்று நாற்பது பேருக்கு
சம்பளமும் லீவும் எழுதுகிற கிராணி வேலை.
வெள்ளி என்றால் எனக்குக் கூலி,
உனக்கு ஓய்வு.

ஆக, மிஞ்சுவது சனி.
ஊரே சனி பிடித்துவிட்டதென்று
எள் விளக்கு ஏற்றி அழும்போது
பிடிக்கட்டும் என்று காத்திருப்பது
நாம் இரண்டு பேர்தான்.
சனிப் பிணம் தனிப் போகாது என்பார்கள்.
நம் சனியோ
ஞாயிறைத் துணைக்குக் கூப்பிடாமல்
ஒற்றையாய் வந்து
ஒற்றையாய் பஸ் ஏறிவிடும்.

வியாழன் இரவு ஒன்பதுக்கு நீ கிளம்பினால்
கெரிக் மலைப்பாதையில் யானை கடக்கும் பலகைகள்.
ஒரு தடவை யானையே நின்றதென்று படம் அனுப்பினாய்.
இருட்டைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.
விடிகாலை நாலரைக்குச் சுங்கை நிபோங்.
நீ வந்து படுக்கிறாய், நான் எழுந்து போகிறேன்.
வெள்ளி முழுக்க என் தலையணையில் நீ தூங்க,
நான் மாலையில் வந்து
அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்க்கிறேன்.

வருகிற வருஷத்தைப் பென்சிலால் கூட்டினேன்.
தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை.
எனக்கு அதற்கு மாற்றாகத் திங்கள் வேறு.
உன் பக்கம் முருகன்
வேலைநாளில் வந்து போகிறான்.
சீனப் பெருநாள் எனக்கு இரண்டு, உனக்கு ஒன்று.
ஹாஜிப் பெருநாள் உனக்கு இரண்டு, எனக்கு ஒன்று.
கணக்கில் சமம்தான்,
கட்டிலில் இல்லை.
எங்கள் ஆளுநர் பிறந்தநாள் சனிக்கிழமை.
நம்மிடம் இருப்பதையே எடுத்து
நமக்குப் பரிசளிக்கிறார்கள்.
தீபாவளிக்கு வருவாய்,
தலை ஈரம் காயுமுன் போவாய்.
மறுநாள் எனக்கு விடுமுறை, உனக்கு எல்லைக் கல்.

நோன்புப் பெருநாள் பக்கத்தில் மட்டும்
சின்ன நட்சத்திரக் குறி. பிறை பார்த்தால்தான்.
அதைப் பார்க்கையில் கொஞ்சம் ஆறுதல்.
அச்சடித்தவனுக்கே
தெரியாத நாள் ஒன்றிருக்கிறது.

கம்பெனிப் பட்டியலில் பதினோராம் கட்டம் காலி.
'நீயே ஒண்ணு போடு' என்று
மிஸ்டர் தியோ டீ குடிக்கப் போனார்.
ஹாஜிப் பெருநாள், இரண்டாம் நாள்,
என்று தட்டிவிட்டேன்.
கை நடுங்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.
அறுநூற்று நாற்பது பேரும் வரிசையாக
உன் ஒரு பஸ்ஸைத் தள்ளுவது போலிருந்தது.
பெர்லிஸ்காரி ரொஸ்னானிக்கு வேண்டுமானால் சந்தோஷம்.
வருஷா வருஷம் தசைனுக்கு ஒரு நாள் கேட்டு
கேட்பதையே விட்டுவிட்ட
நேப்பாளத்துப் பிம்லாவுக்கு?

அழித்தேன்.
பாரம்பரிய நகர நாள், ஜூலை ஏழு என்று போட்டேன்.
எதற்கும் உதவாத ஒரு செவ்வாய்.
பலகையில் ஒட்டினேன்.
பிம்லா வந்து வாசித்துவிட்டுப் போனாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

நேற்றிரவு போன் அடித்தாய்.
மாற்றல் கிடைத்துவிட்டது, அலோர் ஸ்டார்.
பாலம் தாண்டினால் ஒன்றரை மணி நேரம்,
யானை கிடையாது.
பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்வரை கத்தினேன்.
நீயும் கத்தினாய்.
பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.

கெடாவிலும் வெள்ளிதான்.

யார் முதலில் சிரித்தது, நினைவில்லை.
காலண்டரை மறுபடி விரித்து
ரப்பரைத் தேடுகிறேன்.
ஏழரை இறங்கி ஒன்றரை ஆயிற்று.
சனி அப்படியே இருக்கிறது.